திரையில் ^[[ கொட்டினால்: அறிகுறி பார்த்து டெர்மினலைச் சரிசெய்வது

அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய கட்டளை வர வேண்டும், வராமல் ^[[ஏ என்று விழுகிறது. மவுஸை நகர்த்தினால் எண்ணாகக் கொட்டுகிறது. பேஸ்ட் செய்த வரிக்கு முன்னும் பின்னும் 200~, 201~ ஒட்டிக்கொண்டு வருகிறது. மூன்றுக்கும் எல்லாரும் சொல்லும் ஒரே வைத்தியம் 'ரீசெட் கொடு' என்பதுதான். அது சில நேரம் வேலை செய்யும். பல நேரம் அடுத்த முறை உள்ளே போனதும் அதே தொல்லை திரும்ப வந்து நிற்கும், ஏனென்றால் மூன்றும் மூன்று வேறு கோளாறு.

மதுரையில் சில சின்ன கம்பெனிகளுக்கும் ஒரு பயிற்சி மையத்துக்கும் லினக்ஸ் பார்த்துக் கொடுக்கிறேன். "அண்ணே, டெர்மினல்ல என்னமோ ஓடுது, பாருங்க" என்று ஒரு வரியும் மங்கலான ஒரு படமும் வாட்ஸ்அப்பில் வரும். அப்படி வரும் படங்களில் அடிக்கடி பார்க்கிறவற்றைத்தான் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் கொடுத்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள், பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். குறிகளின் நடுவே தனியாக நிற்கும் ஏ, எம், எல் எல்லாம் ஆங்கில எழுத்துகளே.

எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

எஸ்கேப் என்பது 27 என்ற எண்ணுள்ள ஒற்றை பைட். கண்ணுக்குத் தெரியாத பைட்டுகளைக் காட்ட அதன் எண்ணோடு 64-ஐக் கூட்டி, வரும் எழுத்துக்கு முன் ^ போடுவது வழக்கம். 27-உம் 64-உம் 91, அது [ என்ற அடைப்பு. ஆக, ^[[ஏ என்பதில் முதல் இரண்டு குறியும் சேர்ந்து ஒரே பைட். இரண்டாவது [ தான் உண்மையான அடைப்பு. இப்படி எஸ்கேப்பில் தொடங்கும் குறிகளைத்தான் எஸ்கேப் சீக்வென்ஸ் என்கிறார்கள். 1978-இல் வந்த டெக் நிறுவனத்தின் விடி100 என்ற டெர்மினல் இந்த முறையில் பேசியது. இன்றைய எமுலேட்டர்கள், அதாவது டெர்மினல் ஜன்னலைக் காட்டும் நிரல்கள், எல்லாம் பெரும்பாலும் அதன் பேச்சைத்தான் பேசுகின்றன.

இந்தப் பேச்சு மூன்று வழியாக நடக்கிறது. நீங்கள் விசையை அழுத்தினால் எமுலேட்டர் நிரலுக்கு ஒரு குறி அனுப்பும். நிரல் நிறம் மாற்றவோ கர்சரை நகர்த்தவோ எமுலேட்டருக்குக் குறி அனுப்பும். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுவார்கள்: நிரல் எமுலேட்டரைப் பார்த்து 'நீ யார், உன் பின்னணி நிறம் என்ன' என்று கேட்கும், அதற்கு எமுலேட்டர் தரும் பதில், நீங்கள் கீபோர்டில் தட்டியது போலவே உள்ளே போகும். திரையில் குப்பை தெரிகிறது என்றால், இந்த மூன்றில் ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டியவர் வாங்கவில்லை. அதனால் முதலில் கவனிக்க வேண்டியது இதுதான்: விசை அழுத்தினால் வருகிறதா, நிரல் எழுதும்போது வருகிறதா, ஒன்றுமே செய்யாமல் தானாக வருகிறதா?

விசை என்ன அனுப்புகிறது என்று பார்க்க, 'கேட் -வி' என்று தட்டி என்டர் கொடுத்துவிட்டு அந்த விசையை அழுத்துங்கள். முடிந்ததும் கன்ட்ரோல்-சி. கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவும் அதே 'கேட் -வி', பின்னால் கோப்பின் பெயர்.

அம்புக்குறி அழுத்தினால் ^[[ஏ, ^[[பி

ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது பொறுமை இல்லாமல் அம்புக்குறியை அழுத்தினால் இப்படித்தான் விழும். அது கோளாறே இல்லை. அந்த நேரத்தில் விசையை வாங்க ஆள் இல்லாததால் கர்னல் அப்படியே திரையில் எதிரொலிக்கிறது.

ப்ராம்ப்டில், அதாவது கட்டளைக்குக் காத்திருக்கும் வரியில், நின்றுகொண்டு அழுத்தியும் விழுந்தால், முதலில் 'எக்கோ $0' கொடுத்துப் பாருங்கள். 'பாஷ்' என்று வராமல் 'எஸ்எச்' என்று வந்தால் விஷயம் முடிந்தது. உபுண்டுவிலும் டெபியனிலும் எஸ்எச் என்பது டேஷ் என்ற சின்ன ஷெல் (ஷெல் என்பது நீங்கள் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்). அங்கே வழக்கமாக அம்புக்குறியால் பழைய கட்டளையை எடுக்க வழி இருக்காது. 'யூசர்ஆட்' கொண்டு புதுப் பயனரை உருவாக்கும்போது ஷெல் எது என்று சொல்லாமல் விட்டால் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும். பயிற்சி மையத்தில் ஒவ்வொரு பேட்ச் சேரும்போதும் யாராவது ஒருவர் இதில் மாட்டுவார். தீர்வு ஒரே வரி:

சிஎச்எஸ்எச் -எஸ் /பின்/பாஷ்

பிறகு வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும்.

ஷெல்லில் சரியாக இருந்து, ஒரு குறிப்பிட்ட நிரலுக்குள் மட்டும் இப்படி வந்தால், அந்த நிரல், தட்டும் வரியைத் திருத்தவும் பழையதை எடுக்கவும் உதவும் ரீட்லைன் நூலகம் இல்லாமல் கட்டப்பட்டிருக்கிறது. மூலத்திலிருந்து தாங்களே கம்பைல் செய்த பைத்தானிலும் எஸ்க்யூலைட்டிலும் இது சகஜம். ரீட்லைனின் டெவ் பொதியை நிறுவிவிட்டு மறுபடி கம்பைல் செய்வதுதான் முறை. அவசரத்துக்கு 'ஆர்எல்ராப்' என்பதை நிறுவி, நிரலின் பெயருக்கு முன்னால் அதைப் போட்டு ஓட்டினால் போதும்.

விஐ எடிட்டரில் அம்புக்குறி அழுத்தினால் புது வரி திறந்து அதில் ஏ, பி, சி, டி என்று எழுத்து விழுகிறதா? எமுலேட்டர் அனுப்பியது எஸ்கேப், ஓ, ஏ. விஐ அதைத் துண்டு துண்டாக வாங்கிக்கொண்டது: எஸ்கேப் வந்ததும் கட்டளை நிலை, பெரிய ஓ வந்ததும் மேலே புது வரி, அப்புறம் ஏ என்ற எழுத்து. உபுண்டுவில் முதலிலிருந்தே இருக்கும் 'விம்-டைனி' பழைய விஐ போல நடந்துகொள்வதால் வருவது இது. முழு விம்மை நிறுவுங்கள். முழு விம்மிலும் நெட் மெதுவாக இருக்கும்போது மட்டும் வந்தால், எஸ்கேப் ஒரு பொட்டலத்திலும் மீதி அடுத்ததிலும் வந்து சேர்கிறது. 'டிடைம்அவுட்லென்' மதிப்பைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகும்.

டெலீட் அழுத்தினால் ~ மட்டும் விழுவது, கன்ட்ரோலோடு இடது அம்பு அழுத்தினால் ;5டி விழுவது இரண்டும் இந்தக் குடும்பம்தான். ஷெல்லுக்கு அந்தக் குறியின் பொருள் தெரியவில்லை. வீட்டு அடைவில் .இன்புட்ஆர்சி கோப்பில் இப்படி ஒரு வரி சேர்த்தால் முதலாவது தீரும்:

"\ஈ[3~": டெலீட்-சார்

பேஸ்ட் செய்தால் 200~, 201~ அல்லது 0~, 1~

பேஸ்ட் செய்யும் உரையை எமுலேட்டர் ^[[200~ என்று தொடங்கி ^[[201~ என்று முடித்துக் கொடுக்கும். தட்டியது எது, ஒட்டியது எது என்று ஷெல் பிரித்து அறிந்து, ஒட்டிய வரிகளை உடனே ஓட்டாமல் நிறுத்தி வைப்பதற்காக. நல்ல ஏற்பாடு. பாஷ் 5.1-இலிருந்து இது இயல்பாகவே இயங்குகிறது. இதை இயக்கிவிட்ட நிரல் அணைக்காமலே செத்துப்போனால், அல்லது இது தெரியாத பழைய நிரலுக்குள் ஒட்டினால், குறி வெளியே தெரியும். அணைக்க:

பிரின்ட்எஃப் '\033[?2004எல்'

\033 என்பது அதே எஸ்கேப் பைட். கடைசி எழுத்து சிறிய எல். பெரும்பாலும் இதுவே போதும். எரிச்சலில் .இன்புட்ஆர்சி கோப்பில் இந்த வசதியையே நிரந்தரமாக அணைத்து வைப்பவர்கள் உண்டு. நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய வரியில் கடைசியில் ஒரு என்டர் ஒளிந்திருந்தால், நீங்கள் படித்துப் பார்ப்பதற்குள் அது ஓடியிருக்கும்.

மவுஸை நகர்த்தினால் எண்ணாகக் கொட்டுகிறது

எனக்கு வரும் படங்களில் பாதி இதுதான். காரணமும் எங்கள் ஊருக்கு ஏற்ற காரணம். கரண்ட் போகும். மடிக்கணினியில் பேட்டரி இருக்கிறது, திரை அப்படியே நிற்கிறது. ஆனால் ரவுட்டர் அணைந்துவிட்டது. அந்த நேரத்தில் சர்வரில் எச்டாப், விம், டிமக்ஸ் போன்ற ஒரு முழுத்திரை நிரல் திறந்திருந்தால் கதை இப்படிப் போகும்: அந்த நிரல் தொடங்கும்போது உங்கள் எமுலேட்டரிடம் 'மவுஸ் அசைவை எல்லாம் எனக்குச் சொல்' என்று ^[[?1000, ^[[?1002, ^[[?1006 போன்ற குறிகளை அனுப்பியிருக்கும். ஒழுங்காக மூடினால் 'போதும், நிறுத்து' என்றும் அனுப்பிவிட்டுப் போகும். இணைப்பு நடுவில் அறுந்துவிட்டதால் அந்த 'போதும்' வந்து சேரவே இல்லை. சர்வரோடு இணைத்து வைத்திருந்த எஸ்எஸ்எச் செத்து, நீங்கள் உங்கள் சொந்த ப்ராம்ப்டுக்குத் திரும்பிவிட்டீர்கள். எமுலேட்டரோ இன்னும் விசுவாசமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அது சொல்வதைப் படிக்கவும் முடியும். 0;62;18 என்று வந்து கடைசியில் பெரிய எம் இருந்தால், 62-ஆவது பத்தியில் 18-ஆவது வரியில் இடது பொத்தானை அழுத்தினீர்கள். சிறிய எம் என்றால் விட்டீர்கள். முதல் எண் 64 என்றால் சக்கரம் மேலே, 65 என்றால் கீழே. 35;62;18 என்று பொத்தான் தொடாமலே ஓடிக்கொண்டிருந்தால் 1003 என்ற முறை இயங்குகிறது, அதாவது வெறும் அசைவையும் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

எஸ்எஸ்எச் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் முதலில் அதை வெட்டுங்கள். என்டர், அப்புறம் ~, அப்புறம் ஒரு புள்ளி. ஜன்னலையே மூடுவதை விட இது நல்லது. பிறகு மவுஸைத் தொடாமல் கன்ட்ரோல்-யு கொடுத்து வரியைச் சுத்தம் செய்துவிட்டு:

பிரின்ட்எஃப் '\033[?1000எல்\033[?1002எல்\033[?1003எல்\033[?1006எல்'

'ரீசெட்' கொடுத்தாலும் நிற்கும். ஆனால் எக்ஸ்டெர்ம் வகை எமுலேட்டரில் அது திரையையும் துடைத்துவிடும். மேலே நகலெடுக்க வேண்டிய பிழைச் செய்தி கிடந்தால் மேற்படி வரியே பத்திரம். இதே விபத்தில் கர்சர் காணாமல் போயிருந்தால் ^[[?25 என்பதோடு சிறிய எச் அனுப்பினால் (மேலே போலவே பிரின்ட்எஃப்பில், ^[ இருக்கும் இடத்தில் \033 வைத்து) திரும்ப வரும். பழைய வரிகளுக்கு மேலே போகவே முடியவில்லை என்றால் ^[[?1049 என்பதோடு சிறிய எல். ஜன்னலை மாற்றும்போதெல்லாம் ^[[ஐ, ^[[ஓ விழுந்தால் ^[[?1004, அதற்கும் சிறிய எல்.

மறுபடி வராமல் இருக்க, எஸ்எஸ்எச் முடிந்த கையோடு இந்த அணைக்கும் வரி தானாக ஓடும்படி .பாஷ்ஆர்சி கோப்பில் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி வையுங்கள். எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் 'சர்வர்அலைவ்இன்டர்வல் 15' போட்டால், செத்த இணைப்பு அரை மணி நேரம் தொங்காமல் சீக்கிரம் அறுந்துவிடும். இணைப்பு அறுந்தாலும் செஷனை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸுக்குள் சர்வர் பக்கம் வேலை செய்தால் எழுதிக்கொண்டிருந்ததும் பிழைக்கும். இவ்வளவும் சொன்ன பிறகு உசிலம்பட்டியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு தம்பி ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டார். அவரிடமிருந்து இப்போது படம் வருவதில்லை.

ஒன்றும் தட்டாமலே 1;2சி என்று ப்ராம்ப்டில் வருகிறது

இது மூன்றாவது வழி, எமுலேட்டரின் பதில். 'நீ யார்' என்ற கேள்விக்கு ^[[?1;2சி, 'கர்சர் எங்கே' என்பதற்கு ^[[24;80ஆர், 'பின்னணி நிறம் என்ன' என்பதற்கு ^[]11; என்று தொடங்கி ஆர்ஜிபி மதிப்பு. கேட்ட நிரல் காத்திருந்து வாங்கியிருந்தால் கண்ணில் படாது. அழகர்கோவில் பக்கம் போய் ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் எஸ்எஸ்எச் செய்து, விம்மைத் திறந்த வேகத்தில் மூடினால், பதில் வருவதற்குள் கேட்டவர் போயிருப்பார். பதில் ஷெல்லின் தலையில் விழும். அடிக்கடி நடந்தால் விம்ஆர்சி கோப்பில் 'செட் டி_ஆர்வி=' என்று எழுதி அந்தக் கேள்வியையே நிறுத்தலாம்; அதில் ஆர், வி இரண்டும் பெரிய எழுத்து.

பைனரிக் கோப்பைத் தவறுதலாக 'கேட்' செய்தாலும் இது நடக்கும். கோப்புக்குள் தற்செயலாக அந்தக் கேள்வி போன்ற பைட்டுகள் இருந்தால் எமுலேட்டர் அப்பாவியாகப் பதில் சொல்லும். விண்டோஸில் எஸ்எஸ்எச் செய்யப் பயன்படும் புட்டியில் 'புட்டிபுட்டிபுட்டி' என்று அதன் பெயரே ப்ராம்ப்டில் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 5 என்ற பைட்டுக்கு அது தன் பெயரைச் சொல்கிறது. இப்படி வந்து நிற்கும் வரியில் என்டரைத் தட்டாதீர்கள். கன்ட்ரோல்-யு கொடுத்து அழியுங்கள்.

பைனரியைக் காட்டிய பிறகு தட்டும் எழுத்தெல்லாம் கோடும் மூலையுமாக மாறிவிட்டால், எஸ்கேப்புக்குப் பின் (0 என்று எங்கோ வந்து, எமுலேட்டர் கட்டம் போடும் எழுத்துத் தொகுப்புக்குப் போய்விட்டது. தட்டுவது தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கண்ணை மூடிக்கொண்டு கன்ட்ரோல்-ஜே, 'ரீசெட்', கன்ட்ரோல்-ஜே. என்டருக்குப் பதிலாக கன்ட்ரோல்-ஜே சொல்வது, அந்த நிலையில் என்டர் வேலை செய்யாமல் இருக்கலாம் என்பதால்.

நிறத்துக்குப் பதில் [32எம், [0எம்

இங்கே படத்தை உற்றுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முன்னால் நிற்கும் குறியே காரணத்தைச் சொல்லிவிடும்.

\033[32எம் அல்லது \ஈ[32எம் என்று பின்சாய்வுக்கோடு தெரிந்தால், எஸ்கேப் பைட் உருவாகவே இல்லை. \033 என்றால் எக்கோவுக்கு -ஈ கொடுக்காமல் விட்டிருப்பீர்கள்; \ஈ என்றால் அதுவாகவும் இருக்கலாம், பாஷுக்கு எழுதிய ஸ்கிரிப்டை எஸ்எச் கொண்டு ஓட்டியதாகவும் இருக்கலாம். 'எக்கோ -ஈ' என்பதை விட்டுவிட்டு பிரின்ட்எஃப் எழுதுங்கள். \ஈ எல்லா ஷெல்லுக்கும் தெரியாது, \033 தெரியும்.

'லெஸ்' காட்டும் பக்கத்தில் ஈஎஸ்சி என்ற மூன்றெழுத்து நிறம் மாறித் தெரிந்தால், 'லெஸ் -ஆர்' கொடுங்கள், பெரிய ஆர். கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மட்டும் இப்படிச் செய்தால் உங்கள் சூழலில் லெஸ் என்ற மாறி ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். அது வைக்கப்படாமலே இருந்தால்தான் கிட் தானே வேண்டிய விருப்பங்களைக் கொடுத்துக்கொள்ளும்.

லாக் கோப்புக்குள் ^[[32எம் கிடந்தால், எழுதும் நிரல் எதிரில் இருப்பது திரையா கோப்பா என்று பார்க்காமல் நிறம் பூசுகிறது. நோ_கலர் என்ற சூழல் மாறியைப் பல நிரல்கள் மதிக்கும். 'கலர்=ஆல்வேஸ்' என்று யாராவது ஏலியாஸில் எழுதி வைத்திருந்தால் அதை 'ஆட்டோ' ஆக்குங்கள்.

விண்டோஸில் ←[32எம் என்று இடப்பக்க அம்பு வந்தால், 27-ஆவது பைட்டைப் பழைய கன்சோல் அப்படித்தான் வரையும். விண்டோஸ் டெர்மினலுக்கு மாறிவிடுங்கள். பழைய கன்சோலோடு மல்லுக்கட்டிப் பயன் இல்லை.

தமிழ்ப் பெயருக்குப் பதில் \340\256\256

இது எஸ்கேப் சீக்வென்ஸே இல்லை, ஆனாலும் எஸ்கேப் பிரச்சினை என்றுதான் என்னிடம் வருகிறது. தமிழ் எழுத்துகளை பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் உயிர், அகர மெய், துணைக்குறி, புள்ளி ஒவ்வொன்றும் தனித்தனியாக மூன்று பைட். எட்டடிமான எண்ணில் எழுதினால் எல்லாமே 340 256 அல்லது 340 257 என்று தொடங்கும். 'ம' என்பது 340 256 256. அதனால் 340-உம் 256-உம் திரும்பத் திரும்ப வந்தால் அது குப்பை இல்லை, உங்கள் கோப்பின் பெயர்தான்.

'கிட் ஸ்டேட்டஸ்' இப்படிக் காட்டினால்:

கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.குவோட்பாத் ஃபால்ஸ்

'எல்எஸ்' இப்படிக் காட்டினால் லொகேல், அதாவது மொழியும் எழுத்து முறையும் சொல்லும் அமைப்பு, தவறு. 'லொகேல்' என்று தட்டிப் பாருங்கள். சி என்றோ பாசிக்ஸ் என்றோ வந்தால், எல்ஏஎன்ஜி மாறியை 'சி.யூடிஎஃப்-8' ஆக்கினால் தமிழ் தெரியும்.

இதைவிட விசித்திரமானது, எமுலேட்டரே யூடிஎஃப்-8 இல்லாத நிலையில் திறந்திருப்பது. அப்போது மூன்று பைட்டும் தனித்தனியாக எமுலேட்டருக்குப் போகும். 128 முதல் 159 வரையுள்ள பைட்டுகள் எஸ்கேப் இல்லாமலே கட்டுப்பாட்டுக் குறிகளாக வேலை செய்யும். எக்ஸ்டெர்ம் வகையில் 133 வந்தால் அடுத்த வரி, 141 வந்தால் ஒரு வரி மேலே, 154 வந்தால் 'நீ யார்' கேள்வி, 159 வந்தால் 156 வரும்வரை எல்லாவற்றையும் விழுங்கு. இப்போது தமிழைப் பாருங்கள். 'அ' என்ற எழுத்தின் கடைசி பைட் 133. புள்ளியின் கடைசி பைட் 141. 'ச' 154, 'ட' 159, 'ஜ' 156. 'அழகர்' என்று காட்டச் சொன்னால் கர்சர் ஒரு வரி இறங்கி, புள்ளி வந்ததும் ஒரு வரி ஏறும். 'சித்திரை' என்ற பெயருள்ள அடைவைப் பட்டியலிட்டால் ப்ராம்ப்டில் 1;2சி போல ஒன்று தானாக வந்து நிற்கும். 'மீனாட்சி' என்றால் 'ட' வந்ததும் திரை ஊமையாகிவிடும். ஒரு 'ஜ' வந்தால் மறுபடி பேசும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் பேக்கப்பைத் தேடப் போவார்கள். கோப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகக் குறியும் வரிசையாக வந்தால் இதே நிலைதான். எக்ஸ்டெர்மை 'எக்ஸ்டெர்ம் -யு8' என்று திறங்கள். புட்டியில் 'விண்டோ' பகுதிக்குள் 'டிரான்ஸ்லேஷன்' போய், தொலைவு எழுத்துத் தொகுப்பை யூடிஎஃப்-8 ஆக்கி, மறக்காமல் அந்த செஷனைச் சேமித்துவிட்டுத் திறங்கள். சேமிக்காமல் திறந்தால் நாளைக்குப் பழையபடி வந்து நிற்கும்.